நம்முடைய விசுவாசமும் நம் பிள்ளைகள் கேட்கும் பாட்டும்

(சபையின் 30ஆவது ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இந்த நாளில் பேசச் சொல்லிப் போதகர் ஐயா கேட்டபோது முதலில் நான் மறுத்தேன். நான் ஒரு தாதி. ஊசி போடச் சொன்னால் போடுவேன், மேடையில் நின்று பேசிப் பழக்கமில்லை. "சீனி வருத்தம் பற்றிப் பேசட்டுமா?" என்று கேட்டேன். "அதை நீங்கள் போன வருடம் பேசிவிட்டீர்கள், அதற்குப் பிறகும் சபையார் ரோல்ஸ் சாப்பிடுவதைக் குறைக்கவில்லை. இந்த முறை விசுவாசமும் வெகுசனப் பண்பாடும் பற்றிப் பேசுங்கள்" என்றார். வெகுசனப் பண்பாடு என்றால் என்னவாம் என்று வீட்டுக்குப் போய் என் மகளிடம் கேட்டேன். அவளுக்கு 13 வயது. "அம்மா, நீங்கள் எதையெல்லாம் பார்த்து 'நிப்பாட்டு' என்று கத்துறீங்களோ, அதெல்லாம்தான்" என்றாள்.

அவள் சொன்னதைவிட நல்ல விளக்கம் எனக்கு இதுவரை கிடைக்கவில்லை. சினிமா, ரெலிவிஷன் தொடர், ரிக்ரொக், கால்பந்து, ஹலோவீன் உடுப்பு என்று பட்டியல் நீளும். எல்லாவற்றையும் பேச நேரமும் இல்லை, எனக்கு அறிவும் இல்லை. பாட்டைப் பற்றி மட்டும் பேசுகிறேன். நம்முடைய சபையில் வேறு எதையும்விடப் பாட்டுக்காகத்தான் நாம் அதிகம் சண்டை பிடித்திருக்கிறோம்.

என்னுடைய பிள்ளைக்காலத்திலிருந்து தொடங்குகிறேன். பிள்ளைகளே, இது உங்களுக்காக. 1990ஆம் ஆண்டிலிருந்து யாழ்ப்பாணத்தில் எங்களுக்குக் கரண்ட் இல்லை. பற்றரி கொண்டுவரவும் தடை. பாட்டுக் கேட்க வேண்டுமென்றால் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்ற வேண்டும். பின்சில்லு சுற்ற, டைனமோவிலிருந்து கரண்ட் வரும், ரேடியோ பாடும். சுற்றுகிறவருக்குக் கை சோர்ந்தால் பாடகரின் குரலும் சோர்ந்து இழுபடும். என் அண்ணா சுற்றுவார், நான் கேட்பேன். பிறகு நான் சுற்றுவேன், அண்ணா கேட்பார். இளையராஜாவின் பாட்டுக் கசெற் ஒன்று எங்கள் தெருவில் வீடு வீடாகப் போய், நாடா தேய்ந்து, கடைசியில் எங்களிடம் வந்தது. இன்று நீங்கள் ஒரு விரலால் தட்டுகிற பாட்டுக்கு நாங்கள் வியர்வை சிந்தியிருக்கிறோம் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அதைச் சொன்னால் என் மகள் கண்ணை மேலே உருட்டுவாள், ஆகவே விட்டுவிடுகிறேன்.

இதெல்லாம் அப்பா இல்லாத நேரத்தில் நடந்தது. அப்பா எங்கள் கோவிலின் செயலாளர். வீட்டில் ஞானப்பாட்டும் கீர்த்தனையும்தான் பாடலாம். சினிமாப் பாட்டை முணுமுணுத்தாலே போதும், நிமிர்ந்து பார்ப்பார். அடிக்க மாட்டார். அந்தப் பார்வை அடியைவிட மோசம்.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, ஊரோடு சேர்ந்து நாங்களும் வெளிக்கிட்டோம். இங்கே இருக்கும் பெரியவர்கள் பலருக்கு அந்த இரவைச் சொல்ல வேண்டியதில்லை. மழை. நாவற்குழிப் பாலம் வரைக்கும் தலைகள்தான். ஒரு அடி வைக்க எத்தனையோ நிமிடம். எனக்கு 14 வயது. என் தங்கைக்கு 5 வயது. அவள் அப்பாவின் தோளில் இருந்து அழுதுகொண்டே வந்தாள். அம்மா ஜெபித்தாள், அழுகை நிற்கவில்லை. கீர்த்தனை பாடினாள், நிற்கவில்லை. அப்போது அப்பா பாடத் தொடங்கினார். ரி. எம். சௌந்தரராஜன் பாடிய ஒரு பழைய படப் பாட்டு. முதல் சரணம், இரண்டாம் சரணம், ஒரு சொல் பிசகாமல். தங்கை அழுகையை நிறுத்தி அவருடைய வாயையே பார்த்துக்கொண்டு வந்தாள். அப்பாவுக்குச் சினிமாப் பாட்டுத் தெரியும் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு அவர் இறக்கும் வரைக்கும் அதைப் பற்றி எங்கள் வீட்டில் ஒருவரும் ஒரு சொல் பேசவில்லை. சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்தின் தரையில் படுத்தபோது அவர் வழக்கம்போல முழங்காலில் நின்று ஜெபம் செய்தார்.

அந்த இரவில் அப்பா பாவம் செய்தாரா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் அவர் நினைத்திருப்பாரோ என்று சில நேரம் யோசிப்பேன்.

இப்போது கொஞ்சம் சரித்திரம். பயப்படாதீர்கள், சுருக்கமாகச் சொல்கிறேன்.

பெரிய வெள்ளியன்று நாம் பாடும் ஞானப்பாட்டு ஒன்று உண்டு. முள்முடி சூட்டப்பட்ட ஆண்டவரின் சிரசைப் பார்த்துப் பாடுவது. அதைப் பாடும்போது இந்த மண்டபத்தில் கண் கலங்காதவர்கள் குறைவு. அந்த மெட்டு எங்கிருந்து வந்தது தெரியுமா? 1601ஆம் ஆண்டில் ஹான்ஸ் லியோ ஹாஸ்லர் என்ற ஜெர்மன் இசைக்காரர் வெளியிட்ட காதல் பாட்டு அது. ஒரு பெண்ணை நினைத்து மனம் குழம்பிப்போன ஒருவன் பாடுவது. பிறகு அது கோவிலுக்குள் வந்தது. பாக் அதை எடுத்து மத்தேயுவின் பாடுகள் இசையில் திரும்பத் திரும்ப வைத்தார். அந்தக் காலத்துக் கோவில் கமிட்டியில் யாராவது கையை உயர்த்தி "இது காதல் பாட்டு, வேண்டாம்" என்று சொல்லியிருந்தால் நம்முடைய பெரிய வெள்ளியே வேறு மாதிரி இருந்திருக்கும்.

லூத்தரும் அப்படித்தான். தன் பிள்ளைகளுக்காக அவர் எழுதிய நத்தார்ப் பாட்டை முதலில் 1535இல் அச்சிட்டபோது, சனங்கள் விளையாட்டாகப் பாடிய ஒரு விடுகதைப் பாட்டின் மெட்டிலேயே போட்டார். நான்கு வருடம் கழித்து அதற்கு வேறு மெட்டு வந்தது. இந்த லண்டனின் கிழக்குப் பகுதியில் 1865இல் வில்லியம் பூத்தும் கத்தரின் பூத்தும் தொடங்கிய ஊழியம்தான் பிறகு இரட்சணிய சேனை ஆனது. அவர்கள் மதுக்கடையிலும் கொட்டகையிலும் சனங்கள் பாடிய மெட்டுக்களைக் கூசாமல் எடுத்துக்கொண்டார்கள். ஷாம்பெயின் குடிக்கிறவனைப் பற்றிய ஒரு பாட்டின் மெட்டில்கூட இரட்சிப்பின் பாட்டுப் பாடியிருக்கிறார்கள்.

நம்முடைய ஆட்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் குறை. தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் 1774இல் பிறந்தவர். சுவார்ட்ஸ் ஐயர் அவரைச் சிறுவனாகத் திருநெல்வேலியிலிருந்து தஞ்சாவூருக்குக் கூட்டிப்போய்ப் படிக்க வைத்தார். அந்தக் காலத்தில் குறவஞ்சி என்றால் கோவிலிலும் அரண்மனையிலும் ஆடுகிற ஆட்டம். தலைவி காதலில் வாடுவாள், குறத்தி வந்து கை பார்த்துக் குறி சொல்லுவாள். இன்றைய கணக்கில் சொன்னால் அது அன்றைய படம். சாஸ்திரியார் அதே உருவத்தில் 'பெத்லகேம் குறவஞ்சி' எழுதினார். தலைவி சபை, அவள் ஏங்குவது கிறிஸ்துவுக்காக. அதற்குள் பூமி சூரியனைச் சுற்றுகிறது என்ற புதிய வானசாஸ்திரத்தைக்கூடச் சேர்த்தார். பிறகு வந்த மிஷனரிமார் சிலர் ஆராதனையில் இந்தத் தமிழ்ப் பாட்டெல்லாம் வேண்டாம் என்றார்கள். அதற்காக அவர் அவர்களோடு கடுமையாக மோதினார். இன்று நாம் கீர்த்தனை பாடுகிறோம் என்றால் அதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆனால் ஒன்றை மறைக்கக்கூடாது. அதே மோதலில், சாதி வேறுபாட்டைச் சபைக்குள் வைத்திருக்க வேண்டும் என்றும் சாஸ்திரியார் வாதாடினார். அந்த விஷயத்தில் மிஷனரிமார் சரி, அவர் பிழை. பாட்டில் சரியாக இருந்த அதே மனிதர் பந்தியில் பிழையாக இருந்தார். பண்பாடு, பண்பாடு என்று நாம் கட்டிப்பிடிக்கும்போது எதைக் கட்டிப்பிடிக்கிறோம் என்று கொஞ்சம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். நம்முடைய சபையிலும் கலியாணப் பேச்சு வரும்போது சில கேள்விகள் மெதுவாகக் கேட்கப்படுவது எனக்குத் தெரியும். இன்றைக்கு அதை விடுவோம்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தவர் ஒரு அமெரிக்கர், தோமஸ் டோர்சி. 1899இல் ஜோர்ஜியாவில் பிறந்தவர். கறுப்பினத்தவர். தகப்பன் பப்ரிஸ்ட் பிரசங்கியார், தாய் கோவிலில் ஓர்கன் வாசித்தவர். மகனோ இரவு விடுதிகளில் பியானோ வாசிக்கப் போனார். புளூஸ் என்கிற இசை. மா ரெய்னி என்ற பெரிய பாடகியின் குழுவில் வாசித்தார். 1928இல் இன்னொருவரோடு சேர்ந்து ஒரு பாட்டு வெளியிட்டார், அது அமோகமாக விற்றது. அந்தப் பாட்டின் சொற்களை இந்த மேடையில் நான் சொல்ல மாட்டேன். பிள்ளைகள் வீட்டுக்குப் போய்த் தேடவும் வேண்டாம். (தேடுவீர்கள், தெரியும்.)

பிறகு அவர் மனம் திரும்பி ஆண்டவருக்காகப் பாட்டு எழுதினார். ஆனால் கை பழகிய விதத்தை மாற்றவில்லை. அதே புளூஸ் வளைவு, அதே தாளம், சொற்கள் மட்டும் சுவிசேஷம். சிக்காகோவின் பெரிய கோவில்கள் பல அவரை உள்ளே விடவில்லை. விடுதியின் நாற்றம் கோவிலுக்குள் வருகிறது என்று நினைத்தார்கள்.

1932 ஆகஸ்ட் மாதம் அவர் சென்ற் லூயிஸ் நகரத்தில் ஒரு எழுப்புதல் கூட்டத்தில் பாடப் போனார். மனைவி நெற்றி சிக்காகோவில் நிறைமாதம். கூட்டத்தில் இருந்தபோது தந்தி வந்தது. பிரசவத்தில் மனைவி இறந்துவிட்டாள். அவர் ஓடி வந்தார். பிள்ளை உயிரோடு பிறந்திருந்தது, ஆண் பிள்ளை. அதுவும் ஒரு நாளுக்குள் போய்விட்டது. தாயையும் பிள்ளையையும் ஒரே பெட்டியில் வைத்து அடக்கம் செய்தார்கள்.

பயிற்சிக் காலத்தில் நான் பிரசவ வார்ட்டிலும் வேலை செய்திருக்கிறேன். அப்படியான ஒரு அறையை விட்டு வெளியே வரும் தகப்பனின் முகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த நேரத்தில் எந்த வசனமும் உடனே உள்ளே போகாது. நாங்களும் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு உட்காருவோம், அவ்வளவுதான். டோர்சியும் கடவுளோடு கோபித்துக்கொண்டு சில நாள் இருந்தார். பிறகு ஒரு பியானோவுக்கு முன்னால் உட்கார்ந்தபோது ஒரு பாட்டு வந்தது. ஆண்டவரே என் கையைப் பிடியும் என்று கேட்கும் பாட்டு. மெட்டு பழைய ஞானப்பாட்டு ஒன்றிலிருந்து. அதைப் பாடும் விதம் விடுதியில் பழகிய விதம்.

கோவிலுக்குள் வரக்கூடாது என்று சொல்லப்பட்ட அந்த இசைதான் பிறகு உலகம் முழுவதும் போனது. மார்ட்டின் லூதர் கிங் சுடப்படுவதற்குச் சற்று முன்னர், அன்றிரவுக் கூட்டத்தில் அந்தப் பாட்டை வாசிக்கும்படி ஒரு இசைக்காரரிடம் கேட்டுக்கொண்டார். 1968இல் அவருடைய அடக்க நாளில் மகேலியா ஜாக்சன் அதைப் பாடினார். எனக்கு மிகவும் களைப்பான இரவுகளில் நான் கேட்பது அந்தப் பாட்டுத்தான். விடுதி இசைக்குப் பின்னால் ஓடிய ஒருவன் திரும்பி வந்து பாடியது என்பதால் எனக்கு அது இன்னும் நெருக்கம்.

எதிர்த் திசையிலும் போக்குவரத்து உண்டு. கோவிலில் மறந்துபோனதை மைதானம் வைத்திருக்கும். எங்கள் வார்ட்டில் வயதான ஒரு ஆங்கிலேயர் இருந்தார். இரவு இரண்டு மணிக்கு ஒரு ஞானப்பாட்டை மெதுவாகப் பாடிக்கொண்டிருந்தார். 1847இல் ஹென்றி லைட் என்ற குருவானவர் சாகும் தறுவாயில் எழுதிய பாட்டு, மாலை இருளில் என்னோடு தங்கும் என்று ஆண்டவரைக் கேட்பது. நான் மிகவும் சந்தோஷப்பட்டு, "நீங்கள் கோவிலுக்குப் போகிறவரா?" என்று கேட்டேன். "இல்லைத் தாயே, வெம்ப்ளிக்குப் போகிறவன்" என்றார். எஃப். ஏ. கிண்ண இறுதி ஆட்டத்தில் 1927ஆம் ஆண்டிலிருந்து அந்தப் பாட்டைப் பாடுகிறார்கள். வாலிபர் ஐக்கியத்தில் இருக்கும் கால்பந்துப் பைத்தியங்களுக்கு இது தெரிந்திருக்கும். ஒரு நாளும் கோவில் படி ஏறாத மனிதர், பந்து பார்க்கப் போன இடத்தில் ஒரு ஜெபத்தைப் பாடம் பண்ணி வைத்திருந்தார். தேவைப்பட்ட இரவில் அது வந்தது. நான் அவருடைய தலையணையைச் சரிசெய்துவிட்டு, எனக்குத் தெரிந்த சொற்களைச் சேர்ந்து பாடினேன். பக்கத்துக் கட்டில்காரர் எங்கள் இரண்டு பேரையும் வாயை மூடச் சொன்னார்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, அப்படியானால் எல்லாப் பாட்டும் சரி என்று அன்ரி சொல்லிவிட்டா என்று பிள்ளைகள் நினைக்க வேண்டாம். எனக்குப் பயம் உண்டு. சில பாட்டுகளின் சொற்களை எழுதி வாசித்துப் பாருங்கள், தாளம் இல்லாமல். பெண் பிள்ளையைச் சாமானாகப் பேசுவது தெரியும். தமிழ்ப் பாட்டிலும் அது உண்டு, ஆங்கிலத்தில் மட்டும் இல்லை. இரவு போனைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு படுக்கிற பிள்ளைகளை நான் வேலையில் பார்க்கிறேன். நித்திரை இல்லை, சாப்பாடு இல்லை, ரிக்ரொக்கில் யாரோ ஒருத்தியின் இடுப்பைப் பார்த்துத் தன் இடுப்பை அளக்கிறது. அது பாவமா இல்லையா என்று நான் பிரசங்கம் பண்ணமாட்டேன். அது ஒரு வருத்தம். ஆரம்பத்திலேயே சொன்னால் மாற்றலாம். என்னிடம் வந்து சொல்லுங்கள், அம்மாவிடம் சொல்லப் பயமாக இருந்தால் முதலில் என்னிடம் சொல்லுங்கள், பிறகு இரண்டு பேருமாகப் போய் அம்மாவிடம் சொல்லலாம்.

பெரியவர்களுக்கும் ஒன்று. மாலை ஜெபக் கூட்டம் எட்டரைக்கு மேல் நீண்டால் யார் யார் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்கள், எந்தத் தொடர் எத்தனை மணிக்கு என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் பார்க்கிறேன். திருமண வரவேற்பில் மணமக்கள் சினிமாப் பாட்டுக்கு ஆடிக்கொண்டு மண்டபத்துக்குள் வருகிறார்கள், மூப்பர்மார் உட்பட நாம் எல்லோரும் எழும்பிக் கை தட்டுகிறோம். திருவிருந்து நேரத்தில் போனை உயர்த்தி வீடியோ எடுத்தவர் ஒரு வாலிபப் பிள்ளை இல்லை.

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். இவ்வளவு நேரம் சுற்றினேன் என்றால் அதைச் சொல்லப் பயந்துதான்.

7 வருடத்துக்கு முன்னால், நத்தார் ஆராதனையில் ஒரு பாட்டுப் பாட அனுமதி கேட்டு நமது சபைப் பிள்ளை ஒருவன் கமிட்டிக்கு எழுதினான். அவனுக்கு அப்போது 16 வயது. ரேப் பாட்டு. தானே எழுதியது, பாதி தமிழ், பாதி ஆங்கிலம். பின்னணித் தாளத்தையும் தன் அறையில் கொம்பியூட்டரில் செய்திருந்தான். நாங்கள் 9 பேர் பின் அறையில் கூடினோம். ஆராதனையின் பரிசுத்தம் கெடும் என்று ஒருவர் சொன்னார். மற்றச் சபைகள் என்ன சொல்லும் என்று இன்னொருவர் கேட்டார். ரேப் என்றாலே கத்திக்குத்துக் கூட்டம் என்று ஒருவர் சொன்னார். அந்தப் பிள்ளை வெளியே நடைபாதையில் கதிரையில் இருந்தான், மடியில் போனோடு. கூப்பிட்டால் உள்ளே வந்து போட்டுக் காட்டலாம் என்று காத்திருந்தான். ஒருவரும் கூப்பிடவில்லை. வாக்கெடுப்பு வந்தது. 7 பேர் வேண்டாம் என்று கையை உயர்த்தினோம்.

அதில் நானும் ஒருத்தி. அந்தப் பாட்டைக் கேட்காமல் கையை உயர்த்தினேன். எனக்குக் கொள்கை ஒன்றும் இருக்கவில்லை. அன்றைக்கு இரவு வேலை முடித்து நேராக ஆராதனைக்கு வந்திருந்தேன். கூட்டம் முடிந்தால் வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம் என்பதுதான் என் எண்ணம். நோயாளி ஒருவர் நெஞ்சு நோகிறது என்று சொன்னால், நாடி பார்க்காமல் "ஒன்றுமில்லை, போங்கள்" என்று நான் சொல்லியிருப்பேனா? சொன்னால் என் வேலை போயிருக்கும். சபையில் அதைச் செய்தேன், ஒருவரும் என்னைக் கேட்கவில்லை.

அந்தப் பிள்ளை அந்த நத்தாருக்கு வரவில்லை. பிறகும் வரவில்லை. அவனுடைய அம்மா வருகிறா, கடைசி வரிசையில் இருக்கிறா, ஆராதனை முடிந்ததும் தேநீருக்கு நிற்காமல் போய்விடுவா.

போன வருடம் அவனுடைய அம்மம்மா ஆஸ்பத்திரியில் இருந்தா. நான் வேலை செய்யும் வார்ட் இல்லை, வேறு தளம். இதைப் பேச அவனிடமும் அம்மாவிடமும் அனுமதி கேட்டுத்தான் சொல்கிறேன். நான் பார்க்கப் போனபோது அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தான். இப்போது வளர்ந்த ஆள். இயர்போனின் ஒரு பக்கம் அவனுடைய காதில், மற்றப் பக்கம் அம்மம்மாவின் காதில். அம்மம்மாவின் விரல் போர்வைக்கு மேல் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. என்ன பாட்டு என்று கேட்டேன். அவன் கொஞ்சம் யோசித்தான். பிறகு தன் பக்கத்து இயர்போனைக் கழற்றித் துடைத்து என்னிடம் தந்தான்.

அந்தப் பாட்டுத்தான். நாங்கள் கேட்காத பாட்டு. மூன்றரை நிமிடம். யோசேப்பும் மரியாளும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எகிப்துக்கு இரவோடு இரவாக ஓடுகிறார்கள். ஓடுகிற வழியில் நாவற்குழிப் பாலம் வருகிறது, மழை வருகிறது, தோளில் ஒரு பிள்ளை அழுகிறது. அம்மம்மா சொன்ன கதையை அவன் மத்தேயு இரண்டாம் அதிகாரத்துக்குள் வைத்திருந்தான். இடையில் பல்லவிக்குப் பதிலாக அம்மம்மாவின் குரல், கீர்த்தனை ஒன்றை முணுமுணுப்பது, அவவுக்குத் தெரியாமல் சமையலறையில் பதிவு செய்ததாம்.

நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் அப்பாவின் தோளும் தங்கையின் அழுகையும் ஒரு 16 வயதுப் பிள்ளையின் பாட்டுக்குள் இருந்தது. அவன் அந்தப் பாலத்தைக் கண்டதே இல்லை, இங்கே பிறந்தவன். அதைப் பின் அறையில் வாக்கெடுத்து வெளியே அனுப்பினேன்.

"தம்பி, மன்னிச்சுக்கொள். அண்டைக்கு நானும் கை உயர்த்தினனான்" என்றேன்.

"தெரியும் மாமி. அம்மா சொன்னவா. பரவாயில்லை" என்றான்.

பாட்டில் ஒரு இடத்தில் ஏரோதை ஒரு கெட்ட சொல்லால் திட்டியிருந்தான். அது ஆராதனைக்குச் சரிவராது என்று அவனிடம் சொன்னேன். சிரித்தான். "நீங்கள் அண்டைக்குக் கேட்டிருந்தால் அண்டைக்கே மாத்தியிருப்பேன்" என்றான். பகிடியாகத்தான் சொன்னான். எனக்கு அன்றிரவு நித்திரை வரவில்லை.

பிள்ளைகளே, மத்தேயு 11ஆம் அதிகாரத்தில் இயேசு ஒரு விஷயம் சொல்கிறார். சந்தையில் பிள்ளைகள் குழல் ஊதிக் கலியாண விளையாட்டு விளையாடுகிறார்கள், பிறகு ஒப்பாரி வைத்துச் செத்தவீட்டு விளையாட்டு விளையாடுகிறார்கள், மற்றப் பிள்ளைகள் எதற்கும் சேரவில்லை. அதை வைத்து அந்தக் காலத்துப் பெரியவர்களைக் கண்டிக்கிறார். நான் அந்த இடத்தை எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன். சந்தையில் பிள்ளைகள் என்ன பாடி விளையாடுகிறார்கள் என்று இயேசுவுக்குத் தெரிந்திருந்தது என்பதை அந்த ஆஸ்பத்திரிக்குப் பிறகுதான் கவனித்தேன். அவர் நின்று கேட்டிருக்கிறார். பவுலும் அத்தேனே பட்டணத்தில் பேசும்போது அந்தச் சனங்களின் புலவர்கள் சொன்னதை எடுத்துப் பேசுகிறார். எடுக்க வேண்டுமென்றால் முதலில் வாசித்திருக்க வேண்டும் அல்லவா?

கமிட்டியில் இருக்கும் அண்ணன்மாரிடமும் அக்காமாரிடமும் ஒன்று கேட்கிறேன். ஒரு பிள்ளை பாட்டோ நடனமோ கொண்டு வந்தால், வேண்டாம் என்று சொல்லும் உரிமை நமக்கு உண்டு. சில நேரம் சொல்லத்தான் வேண்டும். கோவில் மேடை கொண்டாட்ட மேடை இல்லை என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பிள்ளையை உள்ளே கூப்பிட்டு, முழுப் பாட்டையும் கேட்டு, எந்தச் சொல் சரியில்லை என்று அவனுடைய முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் பிறகு வாக்கெடுப்போம். இதைத் தீர்மானமாக எழுதிப் போன கிழமை செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். அடுத்த கூட்டத்தில் எடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

பிள்ளைகளுக்கு: ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் தேநீர் மேசைக்குப் பக்கத்தில், யன்னலோரக் கதிரையில் நான் இருப்பேன், இரவு வேலை இல்லாத கிழமைகளில். நீங்கள் கேட்கிற பாட்டை ஒன்று கொண்டு வாருங்கள். ஒரு காதை எனக்குத் தாருங்கள். முழுவதும் கேட்பேன். பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்று சொல்லுவேன், ஏன் என்றும் சொல்லுவேன். பதிலுக்கு நான் தரும் பாட்டை நீங்களும் முழுவதும் கேட்க வேண்டும், பாதியில் தட்டிவிடக் கூடாது. என் மகள் சம்மதித்துவிட்டாள். முதல் பாட்டை அவள் தந்தாள். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை, ஆனால் வயலின் நன்றாக இருந்தது.

நத்தார் ஆராதனைக்கு இன்னும் எட்டுக் கிழமை இருக்கிறது. அம்மம்மா போன தை மாதம் கர்த்தருக்குள் நித்திரையானா. அவவுடைய குரல் அந்தப் பாட்டில் இருக்கிறது. கமிட்டி சம்மதித்தால் இந்த மண்டபத்தில் பாடுவாயா என்று அந்தத் தம்பிக்கு வட்ஸ்அப்பில் எழுதினேன், ஏரோதைப் பற்றிய அந்த ஒரு சொல்லை மாற்றிவிட்டு. இரண்டு நீலக் கோடும் வந்துவிட்டது. பதில் இன்னும் வரவில்லை.